பன்னிரண்டாவது சம்படம்

"சும்மாத்தானே இருக்க கண்ணு, இங்கயே உக்காந்து சீர் சாமானைப் பாத்துக்கோ, கண்டவனும் வந்து போற எடம்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ராஜாமணி அத்தை பட்டுச்சேலை சரசரக்க மேடைப் பக்கம் போய்விட்டாள். அக்காவின் மாமியார். இன்றைக்கு அவள் மகள் தாரிணிக்குக் கல்யாணம். சும்மாத்தானே என்ற சொல் இளவேனிலுக்கு முன்னாலேயே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதன் மேல்தான் அவள் உட்கார வேண்டியிருந்தது. திருச்சியில் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் இந்த மண்டபத்தில் சும்மா. நேற்று மத்தியானத்திலிருந்து பூக்கட்டி, தாம்பூலப் பை போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காபி ஆற்றிக் கால் வீங்கிப்போயிருக்கும் மதி அக்காவும் சும்மாதான், ஏனென்றால் அவள் இந்த வீட்டு மருமகள், மருமகள் செய்வது வேலையில் சேராது. ஓமப் புகைக்கு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை மட்டும் பிஸினஸ் பண்ணுகிறார், என்ன பிஸினஸ் என்று கேட்டால் நாலைஞ்சு பண்றாரு என்கிறார்கள். சரி, இதையெல்லாம் இப்போது யாரோடு வாதாடுவது. வாதாடி வாதாடித்தான்... வேண்டாம், அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். கேட்டு வாங்கியிருந்தால்கூட இந்த இடம் கிடைத்திருக்காது. பாத்திரங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன, அவற்றுக்குக் காவலாக வைத்திருப்பதே அவளைத்தான். தூக்கிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. முகூர்த்தம் நெருங்கட்டும், ஜனம் முழுக்க மேடையைப் பார்த்து எழுந்து நிற்கட்டும், அப்போது பார்க்கலாம். இது பயமில்லை, ஜாக்கிரதை. பயத்துக்கு ஜாக்கிரதை என்று பேர் வைத்துக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெரூன் வெல்வெட் விரித்த மேஜையில் குத்துவிளக்கு, குக்கர், மிக்ஸி, வெள்ளித்தட்டு இவற்றுக்கெல்லாம் நடுவில் அந்த எவர்சில்வர் சம்படங்கள் ஒன்றின் தலையில் ஒன்றாகக் கோபுரம் மாதிரி நின்றன. பதினொன்று. அடியில் இருப்பது அரிசி கொட்டுகிற அளவு, உச்சியில் இருப்பது கடுகுக்கு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தாரிணி என்று புள்ளி புள்ளியாகப் புதுசாகப் பேர் வெட்டியிருந்தது. வயிற்றில்தானே வெட்டியிருக்கிறார்கள், அடியை ஏன் தொட்டிருக்கப் போகிறார்கள் என்று அவள் தனக்கே ஒரு வக்கீலாக நின்று எடுத்துச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சம்படங்கள் பழைய செய்தித்தாள் சுற்றி அவள் மடியில் இருந்தன. பெரிய கடை வீதிப் பாத்திரக் கடை, மதி அக்காவுக்குப் பொங்கல் சீர் வாங்கப் போனது. பேர் வெட்டுகிறவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "வயித்துல வெட்டிரட்டா?" என்றார். "வேணாம்ணா, அடியில வெட்டுங்க." "அடியில வெட்டினா யாரும்மா பாப்பாங்க?" "யாரும் பாக்க வேணாம்னுதான்" என்று அக்கா உளறிவிட்டாள், இளவேனில் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "மதிவதனின்னு போட்டு, கீழ இங்கிலீஷ்ல இந்த இனிஷியல் போடுங்கண்ணா." அவர் துண்டுச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "டி.ஓ.எம்.ஏ. இது யாரு?" "சித்தப்பாண்ணா." "ஜி.ஐ.என்.ஜி.?" "அது பெரியப்பா." "நமக்கெல்லாம் ஒரு எழுத்துதான் இனிஷியல். உங்க வம்சத்துல ஆளுக்கு நாலு அப்பனா?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு அவர் மெஷினை டர்ரென்று ஓட்டினார். இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துச் சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெரியப்பா இஞ்சி. அந்தச் சித்தப்பா தக்காளி. இங்கிலீஷ் வார்த்தைகளின் முதல் நாலு எழுத்து, அவ்வளவுதான். பிட்காயின் வைக்கிற வாலட் என்றால் பை ஒன்றும் கிடையாது, பன்னிரண்டு வார்த்தை, வரிசை மாறாமல். அதைத் தெரிந்தவளுக்குப் பணம் உண்டு, தெரியாதவளுக்கு ஒன்றுமில்லை. போன் உடைந்தாலும் தொலைந்தாலும் வேறொரு போனில் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். எல்லாமே ஒரே பட்டியலிலிருந்து எடுத்த வார்த்தைகள் என்பதால் முதல் நாலு எழுத்து போதும். பெரிய சம்படம் முதல் வார்த்தை, அடுத்தது இரண்டாவது, அப்படியே இறங்கிக்கொண்டு போகும், அளவே வரிசை, வரிசைக்கென்று தனியாக எதுவும் எழுதவே வேண்டாம். கடையில் பதினொன்றுதான் ஒரு செட். பன்னிரண்டாவதாகப் பெருங்காயம் போடுகிற அளவில் ஒரு குட்டிச் சம்படம் தனியாக வாங்கினார்கள், அதன் அடியில் பேருக்கு இடம் போதவில்லை, நாலு எழுத்து மட்டும் வெட்டினார், யு.எம்.பி.ஆர். குடை. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அக்கா காதோடு கேட்டாள், "ஏண்டி, அதுல புருஷன்னு ஒண்ணு வந்திருக்கு, அதை மட்டும் மாத்த முடியாதா?" "முடியாதுக்கா, எது வந்துச்சோ அதுதான்." "இதுலயுமா?" என்றாள் அக்கா.

இந்தப் பிட்காயினுக்காக எத்தனை பேரோடு சண்டை. "அது சூதும்மா" என்றார் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி, கண்ணாடிக் கோப்பையில் கிரீன் டீயோடு. "ஏறும் இறங்கும், ஒத்துக்கறேன் சார். பாதியாக் குறைஞ்சாலும் எங்கக்காவோட பாதி. அவ நகை அடகுக்கடையில முழுசா அப்படியே இருக்கு, ஆனா யாரோட முழுசு அது?" என்று அவள் கேட்டபோது அவர் டீயைப் பார்த்தார். நகை கல்யாணமான இரண்டாம் வருஷமே அடகுக்கடைக்குப் போயிற்று, அக்காவின் புருஷன் தனசேகருடைய லாரிக்கு. லாரியும் போயிற்று. ஸ்கூல் டீச்சர் சம்பளம் பாங்கில் விழுகிற நிமிஷம் மெசேஜ் அவன் போனுக்குப் போகிறது, ஏனென்றால் கணக்குத் திறந்தபோது நம்பர் கொடுத்தது அவன். சீட்டுப் போட்டால் சீட்டுக்காரம்மா மாமியாரின் சிநேகிதி. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தால் அந்தப் பானையைக் கழுவுவது மாமியார், பீரோவில் வைத்தால் சாவி மாமியார் இடுப்பில். ஒரு பெண் சம்பாதித்ததை அவள் வாழ்கிற வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு சாண் இடம் கிடையாது என்பதைப் பொருளாதாரத்தின் எந்த அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறார்கள், சேமிப்பு விகிதம் என்று பக்கம் பக்கமாக வரைபடம் போடுகிறார்களே, அதில் அரிசிப் பானை எங்கே வருகிறது? அக்கா ராவெல்லாம் ரவிக்கையில் ஆரி வேலை போட்டு அக்கம்பக்கத்தில் சம்பாதித்த பணம் கொஞ்சம் கொஞ்சமாக இளவேனில் போனுக்கு வந்தது, வந்த அன்றே பிட்காயினாக மாறிற்று. ஏறினபோது வாங்காதே, கடன் வாங்கி வாங்காதே, இரட்டிப்பாகும் என்று சொல்கிறவனை நம்பாதே, மாசாமாசம் கொஞ்சம், அவ்வளவுதான் என்று வகுப்பெடுத்தாள். முதலில் ஒரு கம்பெனி ஆப்பிலேயே வைத்திருந்தார்கள். அதே மாதிரி வேறொரு கம்பெனி ஒருநாள், பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தியுள்ளோம் என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டுக் கதவை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. "அக்கா, அங்க இருந்தா அது நம்ம பணம் இல்ல, அவங்ககிட்ட இருக்கற நம்ம பணம். இன்னொரு மாமியார். அதை உன் கைக்குக் கொண்டு வரணும்." "நீயே வச்சுக்கோயேண்டி, உன் போன்லயே." அங்கேதான் அவள் எழுந்து நின்றுவிட்டாள், ஹாஸ்டல் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிப் பேசினாள். "என்கிட்ட இருந்தா அது என்னுது. அப்பா, மாமா, அடுத்து நானா? உன் வார்த்தை எனக்கே தெரியக்கூடாது. உன் சொத்து, உன் சாவி." எவ்வளவு அழகான பேச்சு. கைதட்டல் விழுந்திருக்க வேண்டிய பேச்சு. வார்த்தைகளைக் கடையில் பார்த்ததோடு சரி, வேண்டுமென்றே மனப்பாடம் செய்யவில்லை, சீட்டை அக்கா அங்கேயே டீயில் நனைத்துக் கசக்கினாள். போட்டோ எடுக்கக்கூடாது, போனில் எழுதக்கூடாது, மெயிலில் வைக்கக்கூடாது. ஹேக்கர், போலி ஆப், ஓடிபி கேட்டுக் கூப்பிடுகிறவன், கரையான், தீ, காவிரியில் வெள்ளம், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். எவர்சில்வர் தீக்கும் தாங்கும், வெள்ளத்துக்கும் தாங்கும். அவள் நினைத்துப் பார்த்த ஆபத்துகளில் ஒரு மகளுடைய கல்யாணம் இல்லை.

சீர்ப் பாத்திரத்தை யார் தொடுவார்கள்? இதைவிடப் பத்திரமான பெட்டகம் எந்த நாட்டில் இருக்கிறது? பிறந்த வீட்டிலிருந்து வந்த பாத்திரம் செய்தித்தாள் சுற்றினபடியே பரணுக்கு ஏறும், இருபது வருஷம் அங்கேயே இருக்கும், யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள், யாரும் விற்க மாட்டார்கள், பொம்பளைப் பிள்ளை பிறந்தால் அதற்குக் கொடுக்கலாம் என்று வைத்திருப்பார்கள். இதைத்தான் அவள் நம்பினாள். நம்பினதில் தப்பில்லை, அப்படியேதான் நடந்தது. செய்தித்தாள் கலையாமல் இருந்தது. புழங்காமல் இருந்தது. புத்தம் புதுசாக இருந்தது. அதனால்தான் ராஜாமணி அத்தை பரணை அண்ணாந்து பார்த்து, இது சும்மாத்தானே கிடக்கு, தாரிணி சீருக்கு ஆச்சு என்று இறக்கிவிட்டாள். திரும்பவும் அந்தச் சும்மா. தன் மகனுக்கு வந்த சீர் தன் வீட்டுச் சொத்துதானே, தன் மகளுக்குக் கொடுத்தால் என்ன, மதி இதைக் கேட்டு வாயைத் திறந்தால் அல்பம் என்பார்கள், டப்பாவுக்கு அழுகிறாள் என்பார்கள். போன மாசம்தான் அவள் ஏதோ ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசினாள் என்று தனசேகர் அவள் போனைப் பிடுங்கித் துணி ஊறவைத்த பக்கெட்டில் போட்டான், வாலட் இருந்தது அந்தப் போனில்தான். கன்னத்தில் பதிந்த கைவிரலோடு அக்கா மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாலிருந்து யாரோ ஒருத்தருடைய போனில் கூப்பிட்டாள், "பயப்படாத, பரண்ல இருக்கு, தாரிணி கல்யாணம் முடியட்டும், அதோட வந்துடறேன்" என்று இவளுக்கு ஆறுதல் சொன்னாள். பிறந்த வீட்டுக்கு இல்லை, தனியாக. வீட்டுக்கு ஒருதரம் வந்து பார்த்தாயிற்று. ஏழாம் நாள் அப்பாவே பஸ் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார், வழியெல்லாம் ஒன்றும் பேசாமல், குளித்தலையில் இறங்கி மாமியாருக்கு ஆப்பிள் வாங்கினார். இந்தத் தடவை திருச்சியில் ஒரு அறை, அட்வான்ஸ், ஆறு மாசச் சாப்பாடு, வேறொரு ஸ்கூல், அதற்கெல்லாம் போதும் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். போன வாரம்தான் அக்கா பரணில் கைவிட்டுத் துழாவியிருக்கிறாள். கரப்பான் ஓடினது. பாத்திரம் பேர் வெட்டவும் பாலிஷ் போடவும் கரூரில் கடைக்குப் போயிருந்தது, அங்கிருந்து நேற்று நேராக மண்டபத்துக்கு வந்தது. இன்று காலையில் மணமகள் அறையில் ஊக்கு மாட்டிவிடுகிற சாக்கில் அக்கா காதருகே சொன்னாள், "புதுப் பேரு வயித்துல வெட்டியிருக்கு. அடியைப் பாக்க விடலடி, போட்டோவுக்கு வைக்கணும் கலைக்காதங்கறாங்க. நீ பாரு. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது, என்னால மேடையிலேர்ந்து எறங்கி வர முடியாது. இருந்துச்சுன்னா என்னைப் பாத்து ஒரு சிரி சிரி. போதும்." "இல்லேன்னா?" என்று கேட்கவில்லை, வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள்.

"என்ன மேடம், டாக்டராகப் போறவங்க டப்பாவுக்கு செக்யூரிட்டியா?" தனசேகர். பட்டு வேட்டி, சந்தனம், விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் நின்று சிரித்தான், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "ஆமா மாமா, உள்ளூர்த் திருடங்க ஜாஸ்தியாமே" என்றாள். "வாயி, வாயி. நம்ம மதிக்கு இதுல பாதி இருந்தாப் போதும்" என்று விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டே போனான். அந்த மோதிரக் கை போனைப் பிடுங்கின கை. அவன் போனதும் அவள் மறுபடி கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். பார்க்காத வரைக்கும் இருக்கிறது. அடியில் மதிவதனி, அதற்குக் கீழே நாலு எழுத்து, வரிசையாகப் பதினொன்று, இப்போது இந்த நிமிஷம் அவை இருக்கின்றன, யாரும் அவற்றை இல்லாமல் செய்துவிடவில்லை, அவள் தூக்கிப் பார்க்கிற வரைக்கும். கஞ்சப் பிசினாறி அத்தை அடிக்கும் பாலிஷ் போடக் காசு கொடுத்திருப்பாளா? கொடுத்திருக்க மாட்டாள், அவள் கஞ்சத்தனத்தை வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. ஒன்றிரண்டு போயிருந்தால் பரவாயில்லை. பட்டியலில் மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள். ஒன்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு தெரியாவிட்டால் நாற்பது லட்சம் தடவை, கம்ப்யூட்டர் செய்யும். மூன்று என்றால் எண்ணூறு கோடிக்கு மேல், அதையும் யாரையாவது கெஞ்சிச் செய்யலாம். நாலு, அதற்கு மேல் அவள் வாயில் பேர் வராத எண்கள். அக்காவுக்கு நினைவிருப்பது தக்காளி, இஞ்சி, அம்மா, புருஷன், குடை. எது எத்தனையாவது என்று கேட்டால் தினம் ஒன்று சொல்கிறாள், "அடி வாங்கின மண்டைடி, அதுல என்ன நிக்கும்" என்று சிரிக்கிறாள். மேளக்காரர் சுதி மாற்றினார். ஜனம் எழுந்தது. அட்சதை, அட்சதை என்று யாரோ கத்தினார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கினார்கள், எல்லா முதுகும் அவள் பக்கம் திரும்பின. அவள் எழுந்து உச்சிச் சம்படத்தைக் கையில் எடுத்தாள். லேசாக இருந்தது, உள்ளே யாரோ சாஸ்திரத்துக்கு ஒரு மஞ்சள் துண்டு போட்டிருந்தார்கள், அது உருண்டது. கவிழ்த்தாள்.

அவள் மூக்கு தெரிந்தது. வளைந்து, பெரிதாகி, வாழைப்பூ மாதிரி. அதற்குப் பின்னால் சீரியல் விளக்குகள். அவள் கட்டைவிரலால் தடவினாள், கண் பொய் சொல்லலாம் என்று. புள்ளி புள்ளியாக ஒரு சொரசொரப்பு, அதுதானே வேண்டும், எலி கடித்த மாதிரி ஒன்று. வழவழவென்று வழுக்கியது. சரி, ஒன்று. அடுத்தது. அடுத்ததிலும் மூக்கு. இரண்டு. நாற்பது லட்சம். மேளம் வேகமெடுத்தது, கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று குரல், அவள் கை கோபுரத்தை மேலிருந்து கலைத்துக்கொண்டே வந்தது, மூன்றாவது, எண்ணூறு கோடி, நாலாவது, தலைக்கு மேல் அட்சதை பறந்து குக்கர் மூடியில் சடசடவென்று விழுந்தது, ஐந்தாவது, ஆறாவது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறார்கள். இந்த நாட்டில் ரோடு போடுகிறவன் சுத்தமாகப் போடவில்லை, பாலம் கட்டுகிறவன் சுத்தமாகக் கட்டவில்லை, ஒரு பொம்பளை பேரை அழிக்கிறவன் மட்டும் விளிம்பு வரைக்கும் சக்கரம் பிடித்து அழித்திருக்கிறான். ஏழாவதில் விளிம்போரம் ஒரு கீறல் இருந்தது, நகத்தால் பார்த்தாள், எழுத்தில்லை, வெறும் கீறல். அடிப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு சாய்த்துக் கீழே பார்த்தாள், அரிசிப் பெட்டி, முதல் வார்த்தை, அது ஆறா அலையா, ஏதோ தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று மட்டும் ஞாபகம், அதில் இப்போது மண்டபத்தின் கூரை முழுக்கத் தெரிந்தது. பணம் அங்கேயேதான் இருக்கிறது, அதுதான் இதில் வயிறெரிகிற விஷயம். திருடவில்லை, கரையவில்லை, ஒரு ரூபாய் குறையவில்லை. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் பார்க்கலாம், அக்காவின் பணம் பத்திரமாக இருக்கிறது, யாராலும் தொட முடியாது, இவள் ஆசைப்பட்ட மாதிரியே. புருஷனால் முடியாது, மாமியாரால் முடியாது, அப்பாவால் முடியாது. அக்காவாலும் முடியாது. "அக்கா, சீர் சாமான் ஒரு ஷாட்டு, அப்படியே அந்த டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு இங்க பாருங்க." வீடியோக்காரர். முகத்தில் விளக்கு அடித்தது. "கொஞ்சம் சிரிங்கக்கா, கல்யாண வீடு." அவள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை, வாய் சிரித்தது, விளக்கு அடித்தால் பல் தெரியவேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழக்கி வைத்திருக்கிறார்களே அந்த வாய். சிரித்த பிறகுதான் மேடைக்குப் பக்கத்தில் சுவரளவு நின்ற எல்.ஈ.டி. திரையைப் பார்த்தாள். அதில் அவள் இருந்தாள், ஆளை விடப் பெரிய ஆளாக, வெள்ளிக் கோபுரத்துக்கு நடுவில், சம்படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய. மேடையில் அட்சதைத் தட்டோடு நின்ற மதி அக்கா அண்ணாந்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம். மனுஷி முகத்தில் அப்படி ஒரு விளக்கு ஏறும் என்று அவள் பார்த்ததில்லை, பேர் வெட்டுகிற கடையில்கூட இல்லை. இளவேனில் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள், திரையில் அதற்குள் மாப்பிள்ளையின் அத்தைகள் வந்துவிட்டார்கள். முதுகுகள் மறைத்தன. மறுபடி அக்கா தெரிந்தபோது அவள் தாரிணியின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள், தாராளமாக, கன்னத்தைக் கிள்ளி, நிஜமாகவே சந்தோஷமாக, போகிறவள் இருக்கிறவளை வாழ்த்துகிற மாதிரி. பக்கத்தில் நின்ற புருஷனிடம்கூட ஏதோ சொல்லிச் சிரித்தாள், அவன் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான். இளவேனில் சம்படங்களைத் திரும்ப அடுக்கினாள். பெரியது, அடுத்தது, அடுத்தது, வரிசை தப்பாமல். எந்த வரிசை, எதற்கு வரிசை, கை அடுக்கிக்கொண்டே இருந்தது. இந்த நேரத்துக்குள் ஒரு பொய் தயாராகியிருக்க வேண்டும், இருக்குக்கா என்று. கூட்டிக்கொண்டு போய்விடலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு எது நல்லது என்று நானே தீர்மானித்து, அவளிடம் மறைத்து, அவளை நான் இழுத்துக்கொண்டு போவது, அதை அப்பா செய்தால் என்ன பேர் வைத்திருப்பேன்? வாதம் எப்போதும் போல வந்துவிட்டது, வேண்டாத நேரத்தில், பல்லை இளித்துக்கொண்டு. அதற்குள் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள், குங்குமக் கையோடு, மூச்சு வாங்க. "எனக்குத் தெரியும்டி. அடியை விட்டிருப்பாங்கன்னு தெரியும். சேலை மாத்தக்கூட வேணாம், ஒரு மஞ்சப் பையில ரெண்டு துணி எடுத்து வச்சுட்டேன். முதல் பந்தி சந்தடியிலயே போயிரலாமா?" என்றாள், பிறகு, "ஏண்டி?" என்றாள். "கேமராக்கா. சிரிக்கச் சொன்னான்." அக்காவின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது, விருந்தாளி போன பிறகு வாசலில் நிற்கிறவர்களின் சிரிப்பு மாதிரி. "எல்லாமா?" "எல்லாம். பாலிஷ்." "எங்கிட்ட அந்தப் பெருங்காய டப்பா இருக்குடி. செட்டுல சேரலன்னு விட்டுட்டாங்க. அதுல குடை இருக்கே. ஒண்ணு இருந்தா..." இளவேனில் தலையை மட்டும் அசைத்தாள். நாற்பது லட்சமும் எண்ணூறு கோடியும் வாய் வரைக்கும் வந்தன. "சும்மா வாக்கா. ஒண்ணும் வேணாம், அப்படியே வா." "வந்து? ஹாஸ்டல்ல உன் கட்டிலுக்கு அடியில படுத்துக்கட்டா?" "அப்பாகிட்ட நான் பேசறேன்." "பேசுவ. நீ நல்லாப் பேசுவ. அப்பாவும் கேப்பாரு. அப்புறம் ஆப்பிள் வாங்குவாரு." அதில் குத்தல் ஒன்றுமில்லை, அதுதான் தாங்கவில்லை. அக்கா அவள் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு அட்சதையை எடுத்துக் கீழே போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "பஸ்ஸுக்கு இருக்கா?" என்று கேட்டாள், குரல் இறங்கி, சுற்றும் பார்த்து, இளவேனில் சட்டென்று பர்ஸைத் திறந்து இருந்ததையெல்லாம் அள்ளினாள், "இருக்குக்கா, ரெண்டு பேருக்கும் இருக்கு, ஆட்டோவுக்கே இருக்கு." அக்கா அந்தக் கையை மூடினாள். "உனக்குத்தாண்டி கேட்டேன். சாப்ட்டுட்டு உடனே கெளம்பிடு. இருந்தேன்னா சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுக்குச் சாமான் அடுக்கறதுக்கும் உன்னையே புடிச்சுப்பாங்க."

அவள் கிளம்பவில்லை. முதல் பந்திக்கும் போகவில்லை. ராஜாமணி அத்தை வந்து, சம்படங்களை விரலால் எண்ணி, "ஒண்ணும் கொறையல, கெட்டிக்காரி" என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வாசலில் வேன் பின்பக்கமாக வந்து நின்றது. மதி அக்கா அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிசிப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள், இன்னொரு பக்கத்தை இளவேனில் பிடித்தாள், அதற்கு இரண்டு பேர் தேவையே இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நடந்தார்கள். வேனின் தகரத் தரையில் மணல் கிடந்தது, சிமெண்ட் மூட்டை ஏற்றின வண்டி. "அய்யோ, பாத்து வைங்கடி, பாத்து" என்று அத்தை பின்னாலிருந்து கூவினாள், "அடியில கீறல் விழுந்துரப் போகுது!" மதி அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தாள். கீறல் விழாமல்தான் வைத்தார்கள்.